பாத்ரூம் முடியட்டும்

இருபத்து மூன்று நாட்களாகச் சொந்த வீட்டில் குளிக்க முடியாத கோபத்தில் இருந்தார் முனிகிருஷ்ணன். அந்தக் கோபத்தை மகள் ஷோபா வைத்த இட்லியின் மேல் காட்டிக்கொண்டிருந்தார்.

"பத்து நாள்ல முடிக்கிறேன்னான் அந்த மேஸ்திரி. பதினெட்டாயிரம்னான். இப்ப இருபத்தி நாலாயிரத்துல வந்து நிக்குது. டைல்ஸ், குழாய் எல்லாம் மொத வாரமே வாங்கிக் குடுத்தாச்சு. கூலிதான் ஏறிக்கிட்டே போவுது."

"சட்னி போடட்டுமாப்பா?"

"போடு. நாளைக்கு முடிச்சான்னா நாளைக்கே கெளம்பிடுவேன்."

ஷோபாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அப்பா ஹெப்பகோடியில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்ததே நாலைந்து முறைதான். வந்தாலும் வாசலோடு சரி. பேரப்பிள்ளை பிறக்கிறவரை பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அம்மா போன பிறகு தொம்மலூர் வீட்டில் தனியாக வடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை முறை கூப்பிட்டாலும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பார். மாப்பிள்ளை நரேஷ் ஆட்டோவோடு போய் நின்றும் அசையவில்லை.

கடைசியில் ஒழுகுகிற பாத்ரூம்தான் அவரை அசைத்தது. தரையை உடைத்துப் போட்ட வீட்டில் யாரால் இருக்க முடியும்? அதற்கு நாலு பேரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு பை துணியோடு வந்து சேர்ந்தார்.

வந்ததிலிருந்து முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான். தினமும் சாயங்காலம் தொம்மலூருக்குப் போய் மேஸ்திரியைத் திட்டிவிட்டு வருவார். கூட வருகிறேன் என்றால் விடமாட்டார். தினம் டிக்கெட்டுக்கு அழுவானேன் என்று, போன வாரம் ஒரு மாதத்துக்கு பஸ் பாஸே எடுத்துவிட்டார். மாமா காசு விஷயத்தில் கெட்டி என்று நரேஷ் சிரித்தான்.

ஷோபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன சமைத்துப் போட்டாலும் அப்பாவுக்கு இது அடுத்தவர் வீடுதான். இங்கேயே இருந்துவிடமாட்டாரா என்று அவளுக்கு ஆசை. ஆனால் மனசில்லாத மனுஷரைப் பிடித்து வைப்பது பாவமில்லையா?

மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும், புடவைக்கென்று சேர்த்து வைத்திருந்த இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு தொம்மலூருக்கு பஸ் ஏறினாள்.

மேஸ்திரி தனக்கோடி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாத்ரூம் பளபளத்தது. சுவர் முழுக்க நீல டைல்ஸ். பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெஸ்டர்ன் கம்மோடு. ஷவர் ஒன்றுதான் பாக்கி. அது அட்டைப்பெட்டிக்குள் ஜன்னல் மேல் இருந்தது.

"இதை மாட்ட எத்தனை நாளாகும்ணா?"

"அரை மணி நேரம்மா."

வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு ஷோபா பணத்தை நீட்டினாள்.

"இதை வெச்சுக்குங்க. இன்னிக்கே மாட்டிடுங்க. எங்க வீட்ல இருக்க அப்பாவுக்குப் பிடிக்கலண்ணா. பாவம், எத்தனை நாளைக்குத்தான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருப்பாரு?"

தனக்கோடி பணத்தைத் தொடவில்லை. தலையைச் சொறிந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சார் கையடித்துச் சத்தியம் வாங்கியிருப்பதாக இழுத்தார். ஷோபா பணத்தை அவர் கையில் திணிக்கப் போனாள்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதை மாட்டாம இருக்கத்தாம்மா உங்கப்பா தெனமும் எனக்குக் கூலி குடுக்கறாரு."