மூன்று கொம்பு விலங்கின் தோல்

ஆம்பூரின் சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே வந்து, பிரிசில்லா வரைந்துகொண்டிருக்கும் கணினித் திரைமேல் கோடுகோடாக விழுகிறது. திரையில் ஒரு விலங்கு நிற்கிறது. மூன்று கொம்பு, ஆந்தைக் கண், மழைமேக நிறத்தில் உடம்பு. ஒரு செல்போன் விளையாட்டுக்காக அவளே கற்பனை செய்தது. ஆடுகிறவர்கள் அதைக் கொன்று, தோலில் கவசம் செய்துகொள்வார்களாம். தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிக்கும் அவள் புருஷன் அன்பரசன், வேலை முடிந்து வந்த சுண்ணாம்பு வாடையோடு பின்னால் நிற்கிறான். கொம்பையும் கண்ணையும் அவன் பார்க்கவில்லை. ரசாயனத்தில் வெந்து வெளுத்த அவன் விரல், திரையில் கழுத்திலிருந்து வால்வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டு போகிறது. "ஒரு கீறல்கூட இல்ல. உண்ணிக்கடி இல்ல. ஒண்ணாம் நம்பர் தோலு பிரிசி," என்கிறான்.

அவள் பேனாவை எடுத்துத் தோளில் முள்வேலிக் கிழிசல், விலாவெங்கும் உண்ணிக்கடி, தொடையில் சூடு போட்ட தழும்பு என்று மூச்சுவிடாமல் போடுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலங்குக்குக் கிழடுதட்டிவிடுகிறது. ஆந்தைக் கண்கள் மட்டும் அவளையே பார்க்கின்றன. "இப்போ?" என்கிறாள். "ரிஜெக்ட்டு." "அப்போ இத வுட்டுருவாங்க இல்ல?" அன்பரசன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி சொல்கிறான். "எங்க வுடுறது? உரிச்சு, எங்க மேசைக்கு வந்தப்புறம்தானே ரிஜெக்ட்டுன்னே தெரியும்."