நீல அலமாரி

வியாபார மோசடிகளை விசாரிக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலிருந்து தன் பெயருக்கு வந்த உத்தரவைக் கணக்காளர் மார்லிஸ் நீட்டினாள். காது மெஷின் கடை முதலாளி டுவேன் அதை இரண்டு தடவை படித்தான்.

"கிழங்கட்டைங்களுக்குப் பழைய மெஷினைப் புதுசுன்னு வித்த ரசீதெல்லாம் கேக்கறாங்க. நீல அலமாரி, மூணாவது டிராயர்னு கூடப் போட்டிருக்கு. எப்படித் தெரிஞ்சுது?"

"கவர்மென்ட்டாச்சே பாஸ். ஆனா கடை விஷயத்தை வெளிய சொன்னா வேலையும் போகும், நஷ்டஈடும் தரணும்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கீங்களே."

டுவேன் வக்கீலுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"சட்டப்படி கேட்டா அந்தக் கையெழுத்து செல்லாதாம். நீ ஒளிச்சா உன்னைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பாங்களாம். குடுத்துத் தொலை."

"எனக்கு மனசே வரல பாஸ்."

"உன் தப்பில்ல, விடு." ரசீதுகளை அடைத்த பெட்டியை அவனே தூக்கி அவளுடைய வண்டியில் ஏற்றினான்.

சோளக்காடுகளைத் தாண்டித் தலைநகருக்கு ஓட்டிப் போனாள். அதிகாரி பெட்டியைப் பிரித்தார்.

"போன மாசம் நீங்க போன்ல சொன்னதை அப்படியே உத்தரவுல எழுதிட்டோம் மேடம். எல்லாம் வந்துடுச்சா?"

"நாலாவது டிராயரைச் சொல்ல மறந்துட்டேன்," என்றாள் மார்லிஸ். "இன்னொரு உத்தரவு அனுப்புங்க. இந்தத் தடவை என்னைக் கொஞ்சம் நல்லாவே மிரட்டுங்க."