சேராத போர்டு

"பழைய ராம் இதுல ஏறக் கூடாது. பழைய பிராசசரும் உக்காரக் கூடாது. அப்படி ஒரு மதர்போர்டு குடுங்க தம்பி. விலை மட்டும் கொறச்சலா இருக்கணும்."

ராஜமுருகன் காதைத் தேய்த்துக்கொண்டான்.

கொடைக்கானலில் கம்ப்யூட்டர் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. பழைய சாமான் சேருமா, சேருமா என்று கேட்டு உயிரை எடுப்பவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறான். சேரக் கூடாது என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

ஆண்டிச்சாமி புது ஆளும் இல்லை. பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். ஒவ்வொரு வெள்ளாமை முடிந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு சாமான் வாங்கிப் போவார். ஒரு தடவை பவர் சப்ளையோடு கேபினட், அடுத்த தடவை மானிட்டர், போன தடவை டிஸ்க். இருப்பதிலேயே விலை குறைந்ததைத்தான் எடுப்பார். அதற்கும் ஆயிரம் கேள்வி கேட்பார்.

ராஜமுருகன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான்.

"அண்ணே, இதப் பாருங்க. உங்க ராம், பிராசசர் ரெண்டையும் கழத்தி இதுல மாட்டிட்டா இன்னைக்கே ஓடும். பெறகு வசதிப்படும்போது ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்."

"அது வேண்டாம்ங்க. அந்தா மேல இருக்கே, அது?"

"அது புது மாடல். அதுக்கு ராமும் புதுசா வேணும், பிராசசரும் புதுசா வேணும். வாங்குறீங்களா?"

"இப்ப எங்கிட்டு வாங்குறது? அடுத்த வெள்ளாமைக்குப் பாப்போம்."

"அதுவரைக்கும் வெறும் போர்டை வச்சு என்ன செய்வீங்க? சுவத்துல மாட்டுவீங்களா?"

"கெடக்கட்டும்ங்க."

நல்லா இருந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்றிருந்தது ராஜமுருகனுக்கு.

"வீட்டுல யாருக்கும் கம்ப்யூட்டர் வேண்டாமா?"

"நான் பாக்குறது வடுகபட்டிச் சந்தை விலை. அது போன்லயே வருது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ரோகிணிதான், வெள்ளனே வந்து உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் அதுலதான் சோலி பாக்கும். கோயம்புத்தூர்ல கம்பெனி வேலையில இருந்த பிள்ளை. அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்கு வந்துருச்சு. அந்த வேலையத்தான் இப்ப எங்க வீட்டுல வச்சுப் பாக்குது."

"நல்லதுதானேண்ணே."

"என்ன நல்லது? விருந்தாளி வந்தாலும் அங்கதான் இருக்கு. நாங்க சாப்பிட உக்காந்தாலும் அது வீட்டுக்குப் போகாது. இனிமே அந்தப் பிள்ளை எங்க வீட்டுல வந்து உக்காரக் கூடாது தம்பி."

"அப்ப வராதேன்னு சொல்லிற வேண்டியதுதானே?"

"வாயால சொல்ற சோலியாங்க அது? இந்த போர்டு வந்துட்டா தானா நின்னுரும்."

ராஜமுருகனுக்கு இப்போதுதான் விளங்கியது. ஓடாத போர்டை உள்ளே வைத்துவிட்டு, 'கம்ப்யூட்டர் ஓடலம்மா' என்று கையை விரித்துவிடலாம். அந்தப் பெண்ணின் வேலை போகும். இவர் நல்லவராகவே இருந்துகொள்வார்.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க இவ்வளவு யோசனையா?

வியாபாரத்தில் பொய் சொன்னதில்லை என்பதில் ராஜமுருகனுக்கு ரொம்பப் பெருமை. கடை வாசலில் எழுதி மாட்டாததுதான் குறை. இன்றைக்கு அந்தப் பெருமையைத் தூக்கி ஓரமாக வைத்தான். முதலில் காட்டிய அதே மாடலில் வேறொரு பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டான்.

"இந்தாங்கண்ணே. இது சேராது."

"நிச்சயமா?"

"பன்னெண்டு வருஷமா கடை வச்சிருக்கேன்."

வீட்டுக்குப் போய் மாட்டினால் பழையதெல்லாம் கச்சிதமாகச் சேரும். கம்ப்யூட்டர் ஓடும். அந்தப் பெண்ணும் வந்து உட்காருவாள். என்ன செய்வார் இவர்? ராஜமுருகனுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பிள்ளை இனிமே எங்கண்ணே போகும்? பாவமில்லையா?"

"எங்கயும் போக வேண்டாம். அது வீட்டுலயே உக்காந்து பாக்கட்டும்."

"எதுல?"

"நம்ம கம்ப்யூட்டர்லதான்." ஆண்டிச்சாமி சிரித்தார். "கேபினட், மானிட்டர், டிஸ்க்குன்னு நான் மாத்துன பழசெல்லாம் அது வீட்டுலதான் இருக்கு. போர்டும் ராமும் பிராசசரும்தான் பாக்கி. இத மாட்டிட்டா அந்த மூணும் எனக்கு ஆகாமப் போயிரும்ல?"

ராஜமுருகனின் பார்வை பைக்குப் போனது.

"அதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு? பழைய போர்டோட சும்மாவே தூக்கிக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்துப் பாத்தேன். 'உங்களுக்கு ஆகுறது எனக்கு வேண்டாம் மாமா'ன்னு ஒரே பேச்சா சொல்லிருச்சு. கழிச்சுப் போட்டதுன்னாத்தான் கைநீட்டும். நாங்க சாப்பிட உக்காந்தா எந்திரிச்சுப் போயி வாசல்ல பனியில நிக்குது தம்பி. கூப்பிட்டாலும் வராது. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

பூம்பாறை பஸ் ஹாரன் அடித்தது. ஆண்டிச்சாமி பையைத் தூக்கிக்கொண்டார்.

"கழிச்சதுன்னு பொய் சொல்லலாம்னா, அது கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை. இந்த போர்டை மாட்டப் போறதே அதுதான். பழைய ராம் ஏறுதான்னுதான் மொதல்ல பாக்கும். நீங்க சேராதுன்னு சொல்லிட்டீங்க, எனக்கு அது போதும். வரட்டுங்களா?"

ராஜமுருகன் மேஜையைச் சுற்றி ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டான்.

"குடுங்கண்ணே... பெட்டி மாறிப் போச்சு."