சுவரில் ஒரு கடல்

“ரோட்டுல போற எவனையோ மச்சான்னு கட்டிப்பிடிக்கிறார் டாக்டர். மானம் போகுது!” என்று கணவரைக் கண் டாக்டர் முன்னால் உட்காரவைத்தாள் மனைவி.

கணவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா கடல்! சாயங்கால வெயில் தண்ணி மேல அப்படியே உருகி ஓடுதே!”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடம் முன்பு ஓர் ஓவியர் அன்பளிப்பு என்று தலையில் கட்டிவிட்டுப் போன படம். சுவரின் ஈரக்கறையை மறைப்பதைத் தவிர அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

“இப்ப பாருங்க” என்று லென்ஸை மாட்டிவிட்டார்.

கணவரின் முகம் தொங்கிப்போனது. “கடல் எங்க? ஊதாவும் ஆரஞ்சுமா எவனோ பெயிண்டை அப்பி வெச்சிருக்கான்!”

“அப்பினதுதான் சார். இப்பதான் உங்களுக்குக் கண்ணு ஒழுங்காத் தெரியுது.”

“அப்படின்னா எனக்குக் கண்ணாடியே வேணாம்!”

மனைவி விடவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு அவரை இழுத்துப் போனாள்.

டாக்டர் கதவைச் சாத்தினார். கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினார்.

பத்து நிமிடம் கழித்து நர்ஸ் எட்டிப்பார்த்தாள். “அடுத்த ஆளை அனுப்பட்டுமா டாக்டர்?”

“கொஞ்சம் பொறும்மா. சூரியன் மறைஞ்சுடட்டும்.”

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை மணி பதினொன்று.