ஜனக்புரியை உள்ளே விடாத கம்ப்யூட்டர்

"இந்த டெல்லியில நான் தொட்டு சரியாகாத கம்ப்யூட்டர் கிடையாது, மாதங்கி. ராகு காலம் பார்க்கிற மனுஷங்களைத்தான் என்னால ரிப்பேர் பண்ண முடியாது."

ராஜவேல் இதைச் சிரிக்காமல், போனில் சொன்னான். மறுமுனையில் ஜனக்புரி கிளை மாதங்கி. அங்கிருந்தபடியே ஆர்.கே.புரம் தலைமை அலுவலக சர்வருக்குள் நுழைந்துதான் அவள் வேலை செய்ய வேண்டும். சில நேரம் நுழைய விடும். சில நேரம் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் முகத்தில் கதவைச் சாத்தும்.

"நான் சொல்றதைக் கேளுங்கண்ணா. செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு மேல படுத்துச்சு. புதன்கிழமை பன்னெண்டு. இன்னிக்கு வெள்ளி, பத்தரை தாண்டினதும் ஆரம்பிச்சிடுச்சு. இது ராகு காலம் இல்லாம வேற என்ன?"

"அச்சா! சர்வர் பஞ்சாங்கம் பார்க்குதா? ஒரு எலுமிச்சம்பழம் கட்டிடவா?"

"கிண்டல் பண்ணுங்க. இன்னிக்குள்ள சரியாகலைன்னா உங்களை பெர்மனென்ட் பண்ற ஆர்டர்ல கையெழுத்துப் போடமாட்டேன்னு டைரக்டர் சொல்லிட்டாராமே?"

ராஜவேல் வருஷக்கணக்கில் கான்ட்ராக்டில் ஓடுகிறவன். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஊரில் பெண் வீட்டார் தட்டு மாற்றியிருந்தார்கள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தான். ஒயர் சரி. நெட் சரி. யதேச்சையாகத் திரையின் மூலையைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாதங்கி! உன் கம்ப்யூட்டர்ல மணி என்ன?"

"பத்தே முக்கால்."

"சர்வர்ல பத்து இருபது! ரெண்டு கடிகாரமும் ஒத்துப்போகலைன்னா இது யாரையும் உள்ளே விடாது. எவனோ வேணும்னே மணியைப் பின்னால தள்ளியிருக்கான்!"

மணியைச் சரிசெய்தான்.

"உள்ளே போயிடுச்சுண்ணா!" மாதங்கி கூவினாள்.

தள்ளியது யார் என்று சர்வரிலேயே தேடினான். கிடைத்த பெயரை, சரிதானா என்று இன்னொரு தடவை படித்தான்.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு, அந்தப் பெயருக்குரியவரே வந்து நின்றார். டைரக்டர் ஜகந்நாதன்.

"யாருப்பா அது, கடிகாரத்தை மாத்தினது?"

"சார்... நீங்களா?"

"பின்னே? இப்ப கையெழுத்தெல்லாம் கம்ப்யூட்டர்ல. போட்டதும் பக்கத்துல சர்வர் மணி விழுந்துடுது. ராகு காலத்துல நான் எந்த ஃபைலையும் தொட்டதில்ல. லேசா பின்னால தள்ளி, போட்டு முடிச்சு, பழையபடி வச்சிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

போனுக்குள் மாதங்கி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"சரி, கோளாறைக் கண்டுபிடிச்சிட்டே. நானும் வாக்கு மாறமாட்டேன்" என்றார் ஜகந்நாதன். "பதினோரு மணிக்கு ஏர்போர்ட் கிளம்பறேன், திரும்பி வர ஒரு மாசம் ஆகும். உனக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதே! உன் ஆர்டரை மட்டும் இப்படியே, பத்து அம்பதுன்னே, போட்டுடட்டுமா?"

ராஜவேல் முதலில் போனை அணைத்தான்.

"ஒரு நிமிஷம் சார்" என்று முனகியபடி சர்வர் பக்கம் குனிந்து, மணியைப் பத்து இருபதுக்குத் தள்ளினான்.