அசல் கோபால்ட்

தூத்துக்குடி விமான நிலையத்தின் கனிமச் சோதனை அறையில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற உலோக ஆய்வாளர் ஜெயசீலன், அவர் மனைவி ஸ்டெல்லா, அதிகாரி முத்துலட்சுமி, அப்புறம் ஜெயசீலனின் செயற்கை மூட்டு. ஆசியக் கண்டத்தின் கோபால்ட் ஒரு கிராம்கூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம். கனடாவில் மகளுக்கு நாளை மறுநாள் பிரசவம். பேரப்பிள்ளையைத் தன் கையில்தான் முதலில் தருவார்கள் என்று ஜெயசீலன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவர் முழங்காலருகே கருவி கீச்சிட்டது. பிரசவ விஷயம் கேட்டு மனம் இளகியிருந்த முத்துலட்சுமி கண்ணைக் காட்டினாள். "உள்ள இருக்கறது ஸ்டீல்தானே சார்? ஸ்டீல்னா போகலாம்."

ஸ்டெல்லா அவர் கையைக் கிள்ளினாள். "ஸ்டீல்தாம்மா. எங்க வீட்டுக் குக்கர் மாதிரி."

முப்பது வருடம் உலோகம் சோதித்தவருக்குச் சுருக்கென்றது.

"குக்கரா? அசல் கோபால்ட்மா. அறுபத்து நாலு சதவீதம். நானே டெஸ்ட் பண்ணித்தான் மாட்டிக்கிட்டேன்."

முத்துலட்சுமி பெருமூச்சு விட்டாள். "அப்ப அது கண்டத்தோட சொத்து சார். கழட்டுற டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாரு. அதுவரைக்கும் மூட்டு கிடங்குல இருக்கணும்."

"அப்ப நான்?"

"மூட்டு எங்கயோ, நீங்களும் அங்கதான்."

ஸ்டெல்லா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "பிள்ளைய நான் வாங்கிக்கிடுதேன். நீங்க இங்க இருக்கறதையெல்லாம் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருங்க."

ஜெயசீலன் கிடங்கு வாசலில் ஒரு கணம் நின்றார். "ரிஜிஸ்டர்ல அறுபத்து நாலுன்னு சரியா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.