இடிவீரனின் கை

தியேட்டர் சுவரில், இடிவீரன் போஸ்டருக்குப் பின்னால் இரண்டு பல்லிகள் குடியிருந்தன. இரண்டும் அவனுடைய ரசிகர்கள்.

"அடுத்த பாகத்துல இடிவீரனுக்கு ஒரு கை போயிடுதாம். கேன்டீன் டிவியில சொன்னாங்க," என்றது குட்டையன்.

"புளுகாதே! ஓடுற ரயிலையே நிறுத்தின கைடா அது!" என்றது நெட்டையன். "இரு, நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

டிவியை அண்ணாந்து பார்த்து நின்ற நெட்டையன் மேல் கேன்டீன் பூனை பாய்ந்தது. அதன் பிடியில் துடித்தது வால் மட்டும்தான். நெட்டையன் சுவரேறித் தப்பிவிட்டது.

"ஐயோ, வால் எங்கேடா?" என்று பதறியது குட்டையன்.

"வால்தானே, முளைச்சுக்கும்," என்றது நெட்டையன், மூச்சிரைக்க. "நீ சொன்னது நிஜம்தான்டா. கை போனா இடிவீரன் பாவம், என்ன பண்ணுவான்?"